எட்டாயிரம் பேருக்கு ஒரு விளக்கு

என் அக்காவைத் தையல் யூனிட்டில் 'பட்டன் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆண்கள் சட்டை தைக்கும் இடம் அது. வெட்டுவதற்கு ஒருவர், காலர் வைக்க ஒருவர், கை ஏற்ற ஒருவர் என்று சட்டை மேசை மேசையாக நகர்ந்து கடைசியில் அக்காவிடம் வந்து சேரும். பட்டன் நுழையக் காஜா எடுத்து, பட்டன் தைத்து, உள்பக்கத் தையலோரம் உபரியாக ஒரு பட்டனும் வைத்து அவள் விட்டால்தான் அது சட்டை. இருபத்தாறு வருஷமாக இதே வேலை. பகலெல்லாம் பட்டன் தைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அங்கேயும் ஒரு பட்டனை அமுக்க வேண்டும் என்று அவள் தலையில் எழுதியிருந்தது. நான் சொல்ல வந்தது அந்தப் பட்டனைப் பற்றி.

ஆறு வருஷத்துக்கு முன்பு, கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒருவர் அவர்கள் வீட்டுக்கு வந்தார். எந்த வீட்டில் யார் எந்த நிகழ்ச்சியைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் நிறுவனத்தின் ஆள். டிவிக்குப் பக்கத்தில் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டியைப் பொருத்தினார். அதற்கென்று தனியாக ஒரு ரிமோட். வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அத்தானுக்கு ஒன்று, அக்காவுக்கு இரண்டு. டிவி முன்னால் வந்து உட்கார்ந்தால் அவரவர் எண்ணை அமுக்க வேண்டும். பெட்டியில் பச்சை விளக்கு எரியும். எழுந்து போகும்போது மறுபடி அமுக்கி அணைக்க வேண்டும். நடுநடுவே எல்லா விளக்கும் சேர்ந்து சிமிட்டும். 'யாரெல்லாம் இருக்கிறீர்கள்?' என்று கேட்கிறதாம். இருப்பவர்கள் மறுபடி ஒருமுறை அமுக்க வேண்டும். விருந்தாளி வந்தால் ஏழு. மூன்றாம் எண்ணுக்கு யாராவது உண்டா என்று அந்த ஆள் கேட்டாராம். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. இல்லை என்று சொல்லிவிட்டு டீ போட உள்ளே போய்விட்டாள்.

பெட்டி இருக்கும் விஷயம் வெளியே தெரியக் கூடாது என்பது நிபந்தனை. அத்தான் கேட்டவர்களிடமெல்லாம் அது கரண்டை மிச்சம் பிடிக்கும் மெஷின் என்று அளந்து விட்டார். கீழ் வீட்டு அம்மா அதை நம்பி, எங்கே கிடைக்கும், எங்கே கிடைக்கும் என்று ஒரு மாசம் அவரை விடாமல் நச்சரித்தாள்.

மீட்டர்காரர் (நாங்கள் அவருக்கு வைத்த பெயர் அது) போகும்போது சொன்ன ஒரு வார்த்தைதான் அத்தானுக்குத் தலைக்கேறிவிட்டது. எல்லா வீட்டிலும் பெட்டி வைக்க முடியாது. அதனால் இந்த வீட்டில் ஒருவர் ஒரு பட்டனை அமுக்கினால் சுமார் எட்டாயிரம் பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கில் ஏறும் என்றார். அன்றிலிருந்து அத்தானின் நடையே மாறிவிட்டது. குளியலறை வாசலில் நின்றுகொண்டு, எட்டாயிரம் பேர் காத்திருக்கிறோம், சீக்கிரம் வெளியே வா என்பார். டீ கேட்டால் எட்டாயிரம் டீ என்பார். அவர் டிவி முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனால் அக்கா தோளைத் தட்டி, எட்டாயிரம் பேரும் குறட்டை விடுகிறார்கள், போய்ப் படுங்கள் என்பாள். எனக்கு இந்தக் கூத்தெல்லாம் பிடிக்காது. ஆனால் அவர்கள் இருவரும் சிரித்துக்கொண்டிருந்ததைக் குறை சொல்ல மாட்டேன்.

அத்தான் சோஃபா வேலைக்காரர். பழைய சோஃபாவைப் பிரித்து, ஸ்பிரிங் மாற்றி, ஸ்பாஞ்ச் வைத்து, புது உறை போட்டுத் தரும் பட்டறையில் இருந்தார். வாய் நிறையச் சின்ன ஆணிகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நாக்கால் தள்ளி எடுத்து அடிப்பார். அதனால் பகலில் பேச்சே கிடையாது. சேர்த்து வைத்ததையெல்லாம் சாயங்காலம் டிவி முன்னால் கொட்டுவார். ஊரார் சோஃபாவுக்கெல்லாம் உறை போட்ட மனிதர் வீட்டில் சோஃபா கிடையாது. இரண்டு மர நாற்காலிகள், அவருக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று. நான் போனால் கட்டில் ஓரம். போன உடனே அவர் ஏழாம் எண்ணை அமுக்குவார். பெட்டி விருந்தாளியின் வயதையும் கேட்கும். வேண்டுமென்றே இரண்டு வயது கூட்டிப் போடுவார். நான் சண்டைக்குப் போவேன்.

சீசனுக்கு ஒருமுறை மீட்டர்காரர் ஒரு தாளும் கொண்டுவந்து கொடுப்பார். புதிதாகத் தொடங்கிய நிகழ்ச்சிகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒன்றாம் எண்ணுக்கு ஒரு கட்டம், இரண்டாம் எண்ணுக்கு ஒரு கட்டம். கட்டத்துக்குள் ஒரு வரி கருத்து எழுத வேண்டும். மற்றவர்கள் 'நன்று', 'சுமார்' என்று எழுதிக் கொடுத்துவிடுவார்களாம். இவர்கள் இருவரும் பரீட்சை எழுதுகிற மாதிரி எழுதுவார்கள். அவரவர் பிழைப்புதான் அவரவர் கண். அத்தான் கதையைப் பார்க்க மாட்டார், நாற்காலியைப் பார்ப்பார். அக்கா முகத்தைப் பார்க்க மாட்டாள், சட்டையைப் பார்ப்பாள்.

இந்த சீசனில் நான்கு புது நிகழ்ச்சிகள். முதலாவது, பெரிய பங்களாவில் மருமகள் வக்கீலாக இருந்து மாமியார் மேலேயே வழக்குப் போடும் தொடர். அதற்கு அத்தான் எழுதியது: 'இந்த சோஃபா போன சீசனில் ஆஸ்பத்திரி முதலாளி வீட்டில் இருந்தது. உறையை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். கால் அதே கால்.' அக்கா எழுதியது: 'கோடீஸ்வரர் சட்டையில் இருப்பது எங்கள் யூனிட்டில் மலிவு சரக்குக்குப் போடும் பட்டன்.' அடுத்தது பாட்டுப் போட்டி. பாடியவர்களை விட நடுவர்கள் அதிகம் அழுதார்கள். அத்தான் அவர்கள் நாற்காலியில் ஸ்பாஞ்ச் சரியில்லை, பாதி அழுகை முதுகு வலி என்று எழுதினார். மூன்றாவது, கணவன் மனைவி ஜோடிகளைக் கூட்டிவைத்து ஒருவரைப் பற்றி மற்றவரிடம் கேள்வி கேட்கும் நிகழ்ச்சி. அதற்கு இரண்டு கட்டத்திலும் 'நேரம் வீண்' என்று ஒரே மாதிரி இருந்தது. கலந்து பேசி எழுதியிருப்பார்கள்.

நான்காவது 'பூட்டுக்கடை'. சாயங்காலம் ஏழரை மணிக்கு. ஒரு சின்னக் கடை, பூட்டு பழுது பார்க்கும் ஒரு ஆள், சாவியைத் தொலைத்துவிட்டு வருகிற மனிதர்கள், அவ்வளவுதான் தொடர். முதல் நாள் ஒருவர் ஒரு இரும்புப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார். அதன் பூட்டு எந்தச் சாவிக்கும் மசியவில்லை. அத்தான் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து பார்த்ததை அன்றுதான் கண்டேன். கடைக்காரர் உட்காரும் நாற்காலி நிஜமாகவே ஒருவர் பல வருஷம் உட்கார்ந்து தேய்ந்த நாற்காலி என்றார். அக்கா, சட்டையின் இரண்டாவது பட்டன் வேறு நூலில் தைத்திருக்கிறது, யாரோ வீட்டில் தைத்தது என்றாள். இருவர் முகத்திலும் அப்படி ஒரு பூரிப்பு. எந்தப் புது நிகழ்ச்சியையும் ஆறு வாரம் தாங்காது என்று சொல்லும் அத்தான் அன்று மாற்றிச் சொன்னார்.

"இது ஓடும். இதை முழுசா பார்த்துட்டுத்தான் எழுதுவேன்."

அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, தாளை மடித்து டிவிக்கு அடியில் வைத்தார்.

மூன்றாவது வாரம் அவர் போய்விட்டார். பட்டறையில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, பாதி உறை போட்ட சோஃபாவில் போய் உட்கார்ந்திருக்கிறார். கூட வேலை செய்தவர்கள் முதலாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறார் பார் என்று கிண்டல் செய்தார்களாம். கால் மணி நேரம் கழித்துத்தான் தொட்டுப் பார்த்தார்கள். காலையில் கிளம்பும்போது அக்காவிடம் ஏழரைக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்.

அதன் பிறகு தினமும் வேலை முடிந்து நேராக அக்கா வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். எனக்கும் வீடு இருக்கிறது, வீட்டுக்காரரும் மகளும் இருக்கிறார்கள். ஒன்பது மணிக்குள் அவர்களிடம் போய்விடுவேன். அக்கா அழவில்லை. யூனிட்டுக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள். ஏழரைக்கு டிவி போட்டு 'பூட்டுக்கடை' பார்த்தாள். நான் அதே கட்டில் ஓரத்தில். அத்தான் நாற்காலியில் உட்கார் என்று அவளும் சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை.

சில வாரம் கழித்துத்தான் அது என் கண்ணில் பட்டது. பெட்டியில் இரண்டு விளக்குகள் எரிந்தன. அக்காவும் நானும் என்று முதலில் நினைத்தேன். எழுந்து கிட்டே போய்ப் பார்த்தால் ஒன்றும் இரண்டும் எரிகின்றன. ஏழு எரியவில்லை.

நான் வேலை பார்ப்பது ரத்தப் பரிசோதனை நிலையத்தில். ரிப்போர்ட் அடிப்பது என் வேலை. ஒருமுறை ஒரு புள்ளியை விட்டுவிட்டேன். ஒன்று புள்ளி ஒன்று பதினொன்று ஆகிவிட்டது. நல்லாயிருந்த ஒரு மனிதரை அவர் மனைவி கைத்தாங்கலாக அழைத்து வந்தார். அன்றிலிருந்து தப்பான எண்ணைக் கண்டால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். அக்காவிடம் கேட்டேன். இது பொய்க் கணக்கு இல்லையா, செத்தவர் டிவி பார்ப்பதாக எழுதுவது சரியா என்று கேட்டேன். கேட்ட விதம் நன்றாக இருக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். அக்கா டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அவர் ஒருத்தர் போனதையே என்னால தாங்க முடியல. எட்டாயிரம் பேரையும் சேர்த்து அனுப்பச் சொல்றியா?"

வாயை மூடிக்கொண்டேன். ஆனால் மனசு மூடவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: என்னைக் குடைந்தது பொய்க் கணக்கு மட்டும் இல்லை. வேலை முடிந்து இரண்டு பஸ் மாறி வந்து தினமும் பக்கத்தில் உட்காருகிற எனக்கு ஒரு விளக்கு இல்லை. இல்லாத மனிதருக்குப் பச்சை விளக்கு. ஐம்பது வயதை நெருங்குகிற எனக்கு இது ஒரு பொறாமையா என்று கேட்டால், ஆமாம்.

அக்காவுக்கு ஒரே ஒரு குறிதான் இருந்தது. அவர் முழுசாகப் பார்த்துவிட்டு எழுதுவேன் என்றார். முழுசாகப் பார்க்கவிட வேண்டும். ஓடும் என்றார், ஓட வேண்டும். அதற்காக ஒரு நாள் விடாமல், யூனிட்டில் ஆர்டர் குவிந்த நாளிலும், அரக்கப்பரக்க ஓடிவந்து ஏழரைக்கு அந்த ஒன்றை அமுக்கினாள். விளக்குகள் சிமிட்டும்போது முதலில் ஒன்று, பிறகுதான் இரண்டு. ஆனால் அந்த ஒரு விளக்கால் தொடரைத் தூக்கி நிறுத்த முடியவில்லை. அரைமணி நேரம் ஓடிய பங்களா மருமகள் தொடருக்கு ஒரு மணி நேரம் கிடைத்தது. நாலாவது மாதம் ஒரு திங்கட்கிழமை, 'பூட்டுக்கடை' இந்த வெள்ளியோடு நிறைவு பெறுகிறது என்று திரையின் கீழே எழுத்து ஓடியது. அக்கா அதை மூன்று தடவை படித்தாள்.

"ஓடும்னு சொன்னாரே" என்றாள்.

புதன்கிழமை மீட்டர்காரர் வந்தார். அழைக்காமல் வந்தார். கொஞ்ச நாளாக இந்த வீட்டுக் கணக்கில் ஒரு விநோதம் என்றார். முன்பெல்லாம் ஒன்றாம் எண் காலையில் தனியாகச் செய்தி பார்ப்பார், ஞாயிற்றுக்கிழமை தனியாகப் படம் பார்ப்பார். இப்போது இரண்டாம் எண் வந்தால்தான் ஒன்றாம் எண் வருகிறார், இரண்டு எழுந்தால் ஒன்றும் எழுந்துவிடுகிறார். ஒரு நிமிஷம் கூட வித்தியாசம் இல்லை. சாரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். வேலை இன்னும் முடியவில்லை, வர நேரமாகும் என்று அக்கா சொன்னாள். முகத்தில் ஒரு சலனம் இல்லை. அவரும் நம்பி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"அத்தான் செத்து மூணு மாசத்துக்கு மேல ஆச்சு சார்" என்றேன் நான்.

ஏன் சொன்னேன் என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டுவிட்டேன். சரியான எண்ணுக்காக என்று ஒரு நாள் தோன்றும். அக்காவின் நல்லதுக்கு என்று ஒரு நாள் தோன்றும். அந்த ஏழாம் எண்ணுக்காக என்று தோன்றும் நாளில் எனக்குச் சாப்பாடு இறங்காது. அக்கா என்னைத் திட்டவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மீட்டர்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்: பட்டறை, ஏழரைக்குள் வருவேன் என்றது, காலியாக விட்ட கட்டம், எதையும் மறைக்கவில்லை. மீட்டர்காரர் மறுபடி உட்கார்ந்துவிட்டார், அத்தானின் நாற்காலியில், தெரியாமல். யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை.

விதிப்படி ஒன்றாம் எண்ணை இப்போதே எடுத்துவிட வேண்டும் என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அக்கா கெஞ்சுகிற ஆள் இல்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், யாரிடமும் ஒன்றும் கேட்டதில்லை. அன்று கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை முடிஞ்சிடும் சார். அதுவரைக்கும் அவரை விடுங்க."

அவர் பையைத் திறந்து எதையோ தேடினார். தாள்கள் அடுக்கி வைத்திருப்பது எனக்கே தெரிந்தது. நீக்கல் படிவத்தைக் கொண்டுவர மறந்துவிட்டேன், சனிக்கிழமை காலையில்தான் வர முடியும் என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது என் பக்கம் ஒருமுறை பார்த்தார். இதையும் சொல்லிவிடாதே என்கிற பார்வை அது.

வியாழக்கிழமை நான் போகவில்லை. போக முகம் இல்லை. வெள்ளிக்கிழமை மனசு கேட்காமல் போனேன். ஏழு இருபதுக்குக் கதவைத் தட்டினேன். அக்கா திறந்துவிட்டு உள்ளே போனாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, ஒன்றை அமுக்கினாள், இரண்டை அமுக்கினாள். ரிமோட்டைக் கட்டில் மேல் வைத்தாள்.

கடைசி நாளை அவசர அவசரமாக முடித்தார்கள். நாலு மாசமாக வராத ஆட்களெல்லாம் ஒரே நாளில் கடைக்கு வந்து சாவி வாங்கிப் போனார்கள். இரும்புப் பெட்டிக்காரரும் வந்தார். பூட்டு ஒருவழியாகத் திறந்தது. உள்ளே என்ன இருந்தது என்று காட்டவே இல்லை. காட்ட நேரம் இல்லாமல் போயிருக்கும். கடைக்காரர் அந்தத் தேய்ந்த நாற்காலியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தப் போகும்போது, பெட்டியின் விளக்குகள் சிமிட்டத் தொடங்கின.

அக்கா அசையவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் போனதிலிருந்து அவள் அழுது அன்றுதான் பார்த்தேன். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. விளக்குகள் சிமிட்டிக்கொண்டே இருந்தன. யாரும் அமுக்காவிட்டால் ஒன்றும் இரண்டும் தானாக அணைந்துவிடும். ரிமோட் என் பக்கத்தில் இருந்தது. எடுத்தேன். ஒன்றை அமுக்கினேன். பிறகு இரண்டை. ஏழாம் எண்ணை அமுக்க எனக்குத் தோன்றவே இல்லை.

தொடர் முடிந்து பெயர்களெல்லாம் ஓடி மறைந்த பிறகு அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு டிவிக்கு அடியிலிருந்த தாளை எடுத்தாள். ஒன்றாம் எண்ணின் காலிக் கட்டத்தில் என்ன எழுதலாம் என்று என்னைக் கேட்டாள். புதன்கிழமைக்குப் பிறகு என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை. நீயே எழுது, அவர் சொல்வது உனக்குத்தான் தெரியும் என்றேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, 'நாற்காலி நன்றாக இருந்தது' என்று எழுதினாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மீட்டர்காரர் வந்தார். நானும் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். கருத்துத் தாளை வாங்கிப் படிக்காமல் மடித்துப் பைக்குள் வைத்தார். நீக்கல் படிவத்தை எடுத்து அக்காவிடம் நீட்டினார். குடும்ப உறுப்பினர் எண்: ஒன்று என்று அக்கா எழுதினாள். காரணம்: இடமாற்றம், திருமணம், படிப்பு, இறப்பு, மற்றவை. இறப்பு என்பதற்கு நேரே, சட்டையில் பட்டன் வரும் இடத்தைக் குறிப்பது போலச் சின்னதாக, அழுத்தமாக ஒரு குறி போட்டாள். கடைசி வரியில் பேனா நின்றது. 'உறுப்பினர் கடைசியாக நிகழ்ச்சி பார்த்த தேதி.'

பிறகு முந்தின நாள் தேதியை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மீட்டர்காரர் தாளை வாங்கினார். இறப்பு என்ற குறியையும் கீழே இருந்த தேதியையும் மாறி மாறிப் பார்த்தார். அக்காவிடம் கேட்க அவருக்கு மனசு வரவில்லை. மூணு மாசத்துக்கு மேல ஆச்சு என்று அவரிடம் சொன்னவள் நான்தானே. என்னிடம் திருப்பிக் காட்டினார்.

"தேதி சரிதானேம்மா?"

"சரிதான் சார்" என்றேன். "நேத்து வரைக்கும் பார்த்தார்."